சரிந்துபோன பெரிய கால்பந்து கிளப்பைத் தூக்கி நிறுத்துவது எப்படி? டோர்ட்மண்ட் கதையோடு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு பெரிய கிளப் சில வருடங்கள் தொடர்ந்து அடி வாங்கினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த சீசனில் யாரை வாங்கப் போகிறார்கள்?" கிளப் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும், கணினி விளையாட்டில் ஒரு கிளப்பை எடுத்து நடத்துபவர்களுக்கும் இதே கேள்விதான் முதலில் வரும். உண்மையில் வீரர்களை வாங்குவது ஐந்தாவது படி. அதற்கு முன்னால் நான்கு வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்த கிளப்புகள் கோடிகளைக் கொட்டியும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

இதை விளக்க ஜெர்மனியின் பொருசியா டோர்ட்மண்டை எடுத்துக்கொள்கிறேன். 1997-இல் ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி, 2005-இல் திவாலாகும் நிலைக்குப் போனது, 2011-லும் 2012-லும் மறுபடி ஜெர்மன் சாம்பியன். நடுவில் எந்தப் பணக்கார முதலாளியும் வந்து காப்பாற்றவில்லை. அதனால்தான் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: சரிவு எப்போது தொடங்கியது என்று தேடுங்கள்

புள்ளிப் பட்டியலில் அணி கீழே இறங்கும் வருடம் சரிவின் தொடக்கம் கிடையாது. பல சமயம் கோப்பை வென்ற வருடத்திலேயே அது தொடங்கியிருக்கும்.

டோர்ட்மண்ட் 2000-இல் பங்குச் சந்தைக்குப் போனது. ஜெர்மனியில் அப்படிப் போன முதல் கிளப் அதுதான். வந்த பணம் வீரர்கள் மேல் இறைக்கப்பட்டது. 2001-இல் இத்தாலியின் பார்மா கிளப்பிலிருந்து மார்சியோ அமொரோசோவை வாங்க மட்டும் சுமார் 2.5 கோடி யூரோ. அவர் நன்றாகவே ஆடினார், 2002-இல் ஜெர்மன் லீக் சாம்பியன் பட்டமும் வந்தது. சிக்கல் அவரிடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், அந்த வருமானம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிச் செலவு செய்ததில்தான் சிக்கல். 2003-இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் அணியிடம் பெனால்டியில் தோற்றார்கள். வராத பணத்தை முன்பே செலவழித்திருந்த கிளப்புக்கு அந்த ஒரு இரவு போதுமானதாக இருந்தது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போல, ஸ்டேடியத்தையே முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டும் இதே தவறைச் செய்தது. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 2004-இல் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியே, 2007-இல் மூன்றாம் பிரிவு.

ஆகவே நீங்கள் முதலில் திறக்க வேண்டியது கடந்த ஐந்து வருடக் கணக்குப் புத்தகம். அதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வருமானத்தில் எத்தனை சதவீதம் அணிக்கே போகிறது? ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா இப்போது 70 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சம்பளம், டிரான்ஸ்ஃபர் (வேறு கிளப்பிலிருந்து வீரரை வாங்கும்) செலவு, ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து.

இரண்டு, பழைய டிரான்ஸ்ஃபர்களின் சுமை இன்னும் எவ்வளவு பாக்கி? ஒரு வீரரை 5 கோடி யூரோவுக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், கணக்கில் வருடத்துக்கு 1 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் 3 கோடிக்குக் கீழே விற்கப்பட்டால் கணக்கில் நஷ்டம். ஆடாத வீரரைக் கிளப்புகள் ஏன் விற்காமல் வைத்திருக்கின்றன என்று குழம்புபவர்களுக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மீதிப் பாதி, அவருக்கு வேறு எந்தக் கிளப்பும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்காது என்பது.

இரண்டாம் படி: ஓட்டையை அடைத்துவிடுங்கள், ரசிகர்களை இழக்காதீர்கள்

2005 மார்ச் 14 அன்று டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஸ்டேடியத்தை வைத்திருந்த முதலீட்டாளர்கள் மீட்புத் திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். மறுத்திருந்தால் கிளப் அன்றோடு முடிந்திருக்கும். ஏற்றார்கள். பரம எதிரியான பேயர்ன் மியூனிக்கே அந்தக் கஷ்ட காலத்தில் 20 லட்சம் யூரோ கடன் கொடுத்து உதவியது.

அதன் பிறகு நடந்தவை பார்க்க அழகாக இல்லாத வேலைகள். வீரர்களின் சம்பளம் குறைந்தது. ஸ்டேடியத்தின் பெயர் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம் சிக்னல் இடூனா பார்க் ஆனது. 2006-இல் ஸ்டேடியத்தைத் திரும்ப வாங்கினார்கள். தாமஸ் ரோசிட்ஸ்கி போன்ற நட்சத்திரம் ஆர்சனலுக்குப் போனார். களத்தில் அணி ஏழாவது, ஏழாவது, ஒன்பதாவது, பதிமூன்றாவது என்று முடித்தது.

இந்த வருடங்களைத் தாங்குவதுதான் மொத்த வேலையிலும் கடினமானது. டோர்ட்மண்டால் தாங்க முடிந்தது, ஏனென்றால் ரசிகர்கள் போகவில்லை. சுமார் 25,000 பேர் நின்று பார்க்கும் தெற்கு மாடம் அந்த மோசமான காலத்திலும் நிரம்பியது. அங்கே டிக்கெட் விலையைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். கஷ்ட காலத்தில் வருமானத்துக்காக டிக்கெட் விலையை ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். கிளப்பிடம் மிச்சமிருக்கும் ஒரே பெரிய சொத்து அந்த மக்கள்தான்.

மூன்றாம் படி: முடிவெடுப்பவர் யார் என்று தீர்மானியுங்கள்

டோர்ட்மண்டில் பழைய தலைமை விலகியது. ரைன்ஹார்ட் ரௌபால் தலைவர், ஹான்ஸ் யோவாகிம் வாட்ஸ்கே நிர்வாகப் பொறுப்பு, மிக்கேல் ஸோர்க் கால்பந்து இயக்குநர், அதாவது எந்த வீரரை வாங்குவது, விற்பது என்று பார்ப்பவர். ஸோர்க் தன் விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் இந்தக் கிளப்பிலேயே கழித்தவர். களத்தில் வெற்றி பெறுவதற்காக இனிக் கடன் வாங்குவதில்லை என்பது வாட்ஸ்கேயின் கொள்கை. மூவரும் பல வருடம் அதே இடத்தில் இருந்தார்கள். பயிற்சியாளர்கள் மாறினாலும் எந்த மாதிரி வீரர் வேண்டும் என்ற யோசனை மாறவில்லை.

இதற்கு நேர்மாறு மான்செஸ்டர் யுனைடெட். 2013-இல் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்றார், அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். கால்பந்து இயக்குநர் என்ற பதவியை அவர்கள் உருவாக்கியது 2021-இல்தான். இடைப்பட்ட காலத்தில் மோயஸ், வான் கால், மொரினியோ, சோல்ஷேர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பாணிக்கு ஆள் கேட்டார்கள். ஒருவர் வாங்கிய வீரர் அடுத்தவருக்குப் பயன்படவில்லை. இவ்வளவு பெரிய, இவ்வளவு பணமுள்ள கிளப் இப்படித் திணறியதைப் பார்ப்பது அவர்கள் ரசிகராக இல்லாதவர்களுக்கும் வருத்தம்தான்.

நான்காம் படி: ஆட்ட முறையை முடிவு செய்து, அதற்குப் பயிற்சியாளரைத் தேடுங்கள்

2008-இல் டோர்ட்மண்ட் யூர்கன் க்ளொப்பைக் கூட்டிவந்தது. மைன்ஸ் என்ற சிறிய கிளப்பை முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தவர், ஆனால் அது 2007-இல் கீழே இறங்கியது, 2008-இல் திரும்ப ஏறவும் முடியவில்லை. கோப்பைகளை மட்டும் எண்ணியிருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அவரது முறை எளிமையாகச் சொன்னால் இது: பந்தை இழந்த அடுத்த நொடியே பின்வாங்காமல், பந்து வைத்திருப்பவரை நாலா பக்கமும் சூழ்ந்து மீண்டும் பறிப்பது. எதிரணி தாக்குதலுக்காக விரிந்து நிற்கும் நேரத்தில் பந்து கிடைத்தால் கோல் வாய்ப்பு அருகில் இருக்கும். இதற்குத் தேவை ஓயாமல் ஓடும் கால்களும், சொன்னதைச் செய்யும் மனசும். அவை இளம் வீரர்களிடம் இருக்கும், இளம் வீரர்கள் விலை குறைவு. க்ளொப்பின் ஆட்ட முறை டோர்ட்மண்டின் பண நிலைமைக்கும் பொருந்தியது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டிய பொருத்தம் இதுதான்: அவர் கேட்கும் வகை வீரர்களை உங்களால் வாங்க முடியுமா?

ஐந்தாம் படி: இப்போது வீரர்கள்

சரி, ஒருவழியாக எல்லோரும் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

பின்னாலிருந்து தொடங்குங்கள். டோர்ட்மண்ட் தடுப்பின் நடுவில் இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்களை நிறுத்தியது. மைன்ஸிலிருந்து வந்த நெவன் சுபோடிச், பேயர்ன் பெரிதாகப் பயன்படுத்தாத மாட்ஸ் ஹும்மல்ஸ். இருவரும் 1988 டிசம்பரில் பிறந்தவர்கள். விளைவு உடனே தெரிந்தது: 2007-08 சீசனில் 62 கோல் வாங்கிய அணி, க்ளொப்பின் முதல் சீசனில் 37 மட்டுமே வாங்கியது.

அப்புறம் மற்றவர்கள் தேடாத இடங்களில் தேடினார்கள். ஜப்பானின் செரெசோ ஒசாகாவிலிருந்து ஷின்ஜி ககாவா, வெறும் 3.5 லட்சம் யூரோ. போலந்தின் லெக் போஸ்னானிலிருந்து ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி, சுமார் 45 லட்சம். லூகாஸ் பிஷ்செக் டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் வந்தார். நூரி ஷாஹின், மாரியோ கோட்ஸே இருவரும் கிளப்பின் சொந்த அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்த பிள்ளைகள். தெற்கு மாடத்தில் ரசிகராக நின்ற கெவின் க்ரோஸ்க்ராய்ட்ஸும் உண்டு.

வந்தவுடன் எல்லோரும் ஜொலிக்க மாட்டார்கள். லெவன்டோவ்ஸ்கி முதல் சீசனில் லீக்கில் 8 கோல்தான் அடித்தார், பெரும்பாலும் லூகாஸ் பாரியோஸுக்கு மாற்று ஆளாகவே இறங்கினார். அடுத்த சீசனில் 22. முதல் வருடத்தோடு தீர்ப்பு எழுதியிருந்தால் இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர்களில் (கோல் அடிக்கும் முன்கள வீரர்களில்) ஒருவரை இழந்திருப்பார்கள்.

ஆறாம் படி: எவ்வளவு நாள் காத்திருப்பது?

க்ளொப்பின் முதல் சீசனில் ஆறாவது இடம், இரண்டாவதில் ஐந்தாவது, மூன்றாவதில் சாம்பியன். நான்காவதில் 81 புள்ளிகளோடு மறுபடி சாம்பியன். அது அப்போது லீக் சாதனை. ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்னை 5-2 என்று வீழ்த்தியதும் அதே சீசனில்தான். பயிற்சியாளருக்கு மூன்று சீசன் கொடுங்கள். நடுவில் புள்ளிப் பட்டியலில் உள்ள இடத்தைப் பார்க்காமல், வாங்கும் கோல் குறைகிறதா, இளம் வீரர்கள் ஆட்ட நேரம் கூடுகிறதா என்று பாருங்கள். அவை முன்னேறினால் இடம் பின்னாலேயே வரும்.

ஏழாம் படி: ஒப்பந்தத் தேதிகளைக் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள்

ஜெயித்தவுடன் பெரிய கிளப்புகள் கதவைத் தட்டும். 2011-இல் ஷாஹின் ரியல் மாட்ரிட் போனார். நியூரன்பெர்கிலிருந்து இல்காய் குண்டோகன் வந்தார். 2012-இல் ககாவா மான்செஸ்டர் யுனைடெட் போனார். சிறுவயதில் இதே அகாடமியிலிருந்து வெளியேறிய மார்கோ ராய்ஸ் திரும்பி வந்தார். இதுவரை எல்லாம் சரியாக ஓடியது, 2013-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை. ஆனால் அதே வருடம் கோட்ஸே பேயர்னுக்குப் போனார், 2014-இல் ஒப்பந்தம் முடிந்து லெவன்டோவ்ஸ்கியும் அங்கேயே போனார். அவருக்காக டோர்ட்மண்டுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை, அவர் இடத்தை நிரப்ப வந்தவர்களாலும் முடியவில்லை. 2015 பிப்ரவரியில் அணி லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. எழுந்து ஏழாவதாக முடித்தார்கள், க்ளொப் விலகினார்.

ஆகவே உங்கள் அணியின் ஒவ்வொரு முக்கிய வீரருக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போதே புதுப்பிப்பதா, விற்பதா என்று முடிவெடுங்கள். விற்பதென்றால், அவர் இடத்துக்கு வருபவரை ஒரு சீசன் முன்பே வாங்கி, அவர் பக்கத்திலேயே பயிற்சி எடுக்க விடுங்கள்.