பழைய நாடாவில் சீஃபாக்ஸ் தேடுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, வீட்டிலிருந்த 1980களின் பிபிசி விஎச்எஸ் கேசட்டுகளை எல்லாம் எம்பி4 ஆக்கிவிட்டு, "அண்ணா, இதிலிருந்து சீஃபாக்ஸ் பக்கங்களை எப்படி எடுப்பது?" என்று கேட்டார். கேசட் எங்கே என்றேன். குப்பைக்குப் போயாச்சாம். நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன்.

படத்தை எடுத்துக்கொண்டு நாடாவை எறிவது

சீஃபாக்ஸ் 1974 செப்டம்பர் 23 முதல் 2012 அக்டோபர் 23 வரை பிபிசியில் ஓடிய எழுத்துச் சேவை. ரிமோட்டில் மூன்று இலக்க எண்ணை அழுத்தினால் செய்தி, வானிலை, கால்பந்து ஸ்கோர் எல்லாம் திரையில் எழுத்தாக வரும். அந்த எழுத்து படத்துக்குள் இல்லை. ஒரு படச்சட்டம் (ஃப்ரேம்) முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், திரையில் தெரியாத சில வரிகளில் வந்தது. ஒரு வரிக்கு 40 எழுத்து. யாரோ ஒரு நாடகத்தைப் பதிந்தபோது, அன்றைய செய்தியும் அவர்களுக்குத் தெரியாமலே நாடாவில் ஏறிக்கொண்டது.

சாதாரண யுஎஸ்பி கருவியும் டிவிடி ரெக்கார்டரும் கண்ணுக்குத் தெரியும் படத்தை மட்டுமே எடுக்கும். அந்த வரிகளை விட்டுவிடும். நான் கடையில் கொடுத்து மாற்றிய 11 கேசட்டில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நாடாக்களை அழித்துவிடலாம் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. புதுச் செய்தி வந்தால் பழைய பக்கம் அழிந்துவிடும் சேவை அது. அந்த மாலைச் செய்திக்கு அந்த நாடாவே கடைசிப் பிரதியாக இருந்திருக்கலாம்.

மறைந்த வரிகளையும் படிக்கும் பிடி878 சிப் போட்ட, கணினியில் செருகும் பழைய டிவி கார்டு தேடுங்கள். அதுவரை நாடாவைத் தொடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டுவது

வேண்டாம். டெக்கும் கெடும்.

ஒரே பிரதியை நம்புவது

டெலிடெக்ஸ்ட் (சீஃபாக்ஸ் போன்ற எழுத்துச் சேவைகளின் பொதுப்பெயர்) வினாடிக்குச் சுமார் 69 லட்சம் பிட் வேகத்தில் வரும். விஎச்எஸ் அந்தக் கூர்மையைத் தாங்காது, பிட்டுகள் இழுபட்டுக் கலங்கிவிடும். நல்லவேளையாக, பக்கங்கள் சுற்றிச் சுற்றி ஒளிபரப்பானதால் ஒரே பக்கம் நாடாவில் பலமுறை இருக்கும். கால்பந்துக்கான 302ஆம் பக்கம் ஒன்றில் முதல் பிரதி 3 கோல் என்றது, அடுத்தது 1 என்றது. ஏழு பிரதிகளை மென்பொருளில் ஒப்பிட்ட பிறகுதான் 1 நிலைத்தது.

கேசட் லேபிளைப் பார்த்துத் தேதி போடுவது

மேல் வரியிலேயே கிழமை, தேதி, நேரம் உண்டு. ஆண்டு மட்டும் இருக்காது. கிழமையையும் செய்தியையும் வைத்துக் கண்டுபிடியுங்கள்.