குழந்தை மூட்டுவாதம்: ஐரோப்பியப் பிள்ளையின் அறிகுறியை நம் பிள்ளையிடம் தேடாதீர்கள்

16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணமும் பிடிபடாத மூட்டு அழற்சியை டாக்டர்கள் ஜேஐஏ (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ்) என்கிறார்கள். அதற்குள் ஏழு வகைகள். எந்த வகை அதிகம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஐரோப்பியச் சித்திரம்தான்: மூன்று வயதுப் பெண் குழந்தை, ஒரு முழங்கால் மட்டும் வீக்கம், ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இது ஒரு சில மூட்டுகளை மட்டும் பிடிக்கும் ஒலிகோ வகை. "நம்ம பையனுக்குப் பதினோரு வயசு, வலி குதிகாலில்தானே, அப்போ இது இல்லை" என்று விட்டுவிடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. இந்தியப் பெரிய மருத்துவமனைகளில் முன்னணியில் இருப்பது எந்தசைடிஸ் வகை. தசைநாண் எலும்பைப் பிடிக்கும் இடத்திலேயே அழற்சி வரும். ஆறு வயது தாண்டிய ஆண் பிள்ளைகளிடம் அதிகம். குதிகால், முழங்கால், இடுப்பு என்று கீழ்ப்பக்கத்தையே பிடிக்கும். காலையில் நொண்டிக்கொண்டே பல் தேய்க்கப் போகிறவன் மதியம் கிரவுண்டில் ஓடுவான். ஸ்கூலுக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று திட்டு விழும், அல்லது சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். அடிபட்ட கால் ஓய்வில் தேறும். இதுவோ ஓய்வில் விறைத்து, நடக்க நடக்கத்தான் இளகும்.

அடுத்தது, கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு: நோயாளிகளுக்குள் ஒரு வகையின் பங்கை, அந்த வகை வரும் வாய்ப்பாக வாசிப்பது. 49 நாடுகளில் 9,081 குழந்தைகளைப் பார்த்த எபோகா என்ற ஆய்வு 2019-இல் வெளியானது. தெற்கு ஐரோப்பாவில் பாதிக்கும் மேல் ஒலிகோ. தென்கிழக்கு ஆசியா என்று அவர்கள் வகுத்த பகுதியில் காய்ச்சலோடு வரும் சிஸ்டமிக் வகை மூன்றில் ஒரு பங்கு. உடனே 'ஆசியப் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குள் எத்தனை பேருக்கு எந்த வகை என்பதுதான். ஒலிகோ குறைவாக வரும் இடத்தில் மற்ற வகைகளின் சதவீதம் தானாகவே ஏறும். போதாததற்கு, ஒற்றை முழங்கால் வீக்கத்துக்காக யார் பஸ் ஏறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? நாள்கணக்கில் காய்ச்சல் அடித்தால்தான் போவார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வகுப்பறைக்கே போய் 12 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஆயிரத்துக்கு நான்கு பேர் கிடைத்தார்கள். பெரும்பாலோர் அதுவரை கண்டறியப்படாதவர்கள். தேடிப் போனால் கணக்கே மாறிவிடுகிறது.

மரபணுவை மட்டும் காரணமாகக் காட்டுவதும் அப்படித்தான். எந்தசைடிஸ் வகையோடு ஒட்டிவரும் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இந்தியர்களைவிட நார்வே மக்களிடம்தான் அதிகம். அப்படியிருந்தும் அங்கே ஒலிகோதான் முதலிடம்.

சிஸ்டமிக் வகையில் தினமும் ஒருமுறை காய்ச்சல் ஏறி இறங்கும், அதோடு இளஞ்சிவப்புத் தடிப்பு வரும் என்பது பாடம். மாநிறத் தோலில் அந்தத் தடிப்பு லேசில் தெரியாது. காய்ச்சல் ஏறும் நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். இந்தக் காய்ச்சலை டைபாய்டு, டிபி என்று நினைத்து மருந்து மாற்றிக்கொண்டே போவதும் உண்டு. சரி, அதற்காக எல்லாவற்றையும் ஜேஐஏ என்றும் சொல்ல முடியாது. ருமாட்டிக் காய்ச்சல், டிபி, ரத்தப் புற்றுநோய் இவற்றை விலக்கிய பிறகுதான் அந்தப் பெயர்.

கண் விஷயத்தில் அசட்டை கூடாது. வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணுக்குள் வரும் யுவைடிஸ் என்ற அழற்சி ஐரோப்பாவில் அதிகம், இங்கே குறைவு. குறைவு என்பதற்காக கண் டாக்டர் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் சோதனையைத் தள்ளிப்போட்டால், அது வரும் ஒரு பிள்ளைக்குப் பார்வையே போகலாம். எந்தசைடிஸ் வகையிலோ கண் சிவந்து வலிக்கும். அதை மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

மூட்டுவாதத்துக்காக எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். எந்த நாட்டிலும் பெரும்பாலான ஜேஐஏ பிள்ளைகளுக்கு அது நெகட்டிவ்தான்.

எபோகாவில் இன்னொன்றும் தெரிந்தது: வருமானம் குறைந்த நாடுகளில் மூட்டுச் சேதம் கூடுதல். அதை இனத்தின் மீது போடுவது சோம்பேறித்தனம். தாமதமாக வருவதும், அழற்சியைத் தூண்டும் பொருளையே தடுக்கும், விலை கூடிய பயாலஜிக் மருந்து கட்டுப்படியாகாததும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஆகவே வீக்கமோ காலை விறைப்போ வாரக்கணக்கில் நீடித்தால் மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். மூட்டு சூடாகி, காய்ச்சலும் அடித்து, பிள்ளையால் கால் ஊன்றவே முடியவில்லை என்றால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.