பாசிக்குடாவா, படுவான்கரையா? மட்டக்களப்பு போகிறவர் எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்

வெளிநாட்டிலிருந்து முதல் தடவை இலங்கையில் எங்கட ஊருக்குப் போனபோது எனக்குப் பதினெட்டு நாள் லீவு. அதில் ஐந்து நாள் சீகிரியா, கண்டி, நுவரெலியா என்று வான் வண்டிக்குள்ளேயே போய்விட்டது. பெரியம்மா வீட்டில் நான் இருந்தது மொத்தம் ஒன்றரை நாள். வெளிக்கிடும்போது வாசலில் நின்று, "மறுகா எப்ப மகன் வருவா?" என்று கேட்டா. நான் மறுபடி போனபோது அவ இல்லை. மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் புறப்படுகிற எவரும் என்னைப் போல நாளைக் கொட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பவுணையும் ஈரோவையும் பிராங்கையும் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும். "எங்கட காசுக்கு இது என்ன" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவோம். நமக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது நாள். அதனால் நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இதற்கு எத்தனை நாள் போகும், அந்த நாளில் யாரைப் பார்க்காமல் விடப்போகிறேன்? கூடவே, நம்மோடு அலைகிற மச்சானுக்கும் நாள் போகிறது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் அவரை இழுத்துக்கொண்டு சுற்றினால், அந்த இழப்பை அவர் வாய் திறந்து சொல்லவே மாட்டார். நாம்தான் யோசிக்க வேண்டும்.

பயணத்திலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. தனியாகவோ இருவராகவோ போனால் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில்தான் சிறந்தது. இரவு நித்திரையில் கழியும், விடிய மட்டக்களப்பில் இறங்கலாம், பகல் முழுவதும் மிச்சம். ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். மாரியில் வெள்ளம் வந்து பாதை பழுதானால் ரயில் நிற்பதுண்டு, அதனால் புறப்படுமுன் விசாரியுங்கள். பிள்ளைகளும் முப்பது கிலோப் பெட்டிகளும் இருந்தால் கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடிக்கிற காசு வீண்போகாது. ஆனால் ஏறுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வான் வெறுமையாகத் திரும்புகிற எண்ணெய்க் காசு இதற்குள் அடக்கமா? ஹைவேக் காசு யார் கட்டுவது? சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு? நான் கேட்காமல் ஏறி, வீட்டு வாசலில் வயதான மாமா முன்னால் வாக்குவாதப்பட்டேன். கூடக் கொடுத்த காசை விட மாமாவின் முகம்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

பாசிக்குடாக் கடற்கரையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். போகத்தான் வேண்டும், குறிப்பாகச் சிறு பிள்ளைகளோடு. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான், அலையும் இல்லை. ஆனால் டொலரில் விலை போட்டிருக்கிற ஹோட்டலில் மூன்று இரவு தங்குவது தேவையில்லை என்பது என் எண்ணம். கடல் எல்லாருக்கும் பொது. சொந்தக்காரர் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வான் பிடித்து, சோற்றுப் பார்சலும் இறால் பொரியலும் கட்டிக்கொண்டு காலையில் போய்ப் பொழுதுபட வரலாம். ஊரிலேயே இருந்தும் பல வருடமாகக் கடலில் இறங்காத அத்தை பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்பதைப் பார்ப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் மட்டும் போகாதீர்கள். வாடைக்காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும்.

அறுகம்பை மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். அலைச்சறுக்கு தெரிந்த பிள்ளைகள் இருந்தால் சித்திரை முதல் புரட்டாசி வரைக்கும் அது வேறு உலகம், இரண்டு இரவு தங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் ஓடிப் போய் ஓடி வருவது உடம்புக்கும் எண்ணெய்க்கும் கேடு. போகிற வழியில் திருக்கோவிலில் இறங்கிச் சித்திரவேலாயுத சுவாமியைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல்.

நான் நாளைச் செலவழிக்கச் சொல்வது படுவான்கரைக்கு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. ஒருகாலத்தில் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்துதான் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். பாதை என்றால் வாவியைக் கடக்கிற படகு, இளம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அரைநாள் வேலை சில நிமிடமாகிவிட்டது. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். வயலுக்குள்ளால் தெற்கே போனால் சின்னக் கதிர்காமம் என்கிற மண்டூர் முருகன் கோயில். அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால்தான் பூசை செய்வார். மந்திரமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. வாவிக்கு நேர் எதிரே குருமண்வெளித் துறை. பாதை ஓடுகிறதா என்று கேட்டறிந்து, ஓடினால் திரும்பும்போது அதில் ஏறி வாருங்கள். நேரம் கூடப் போகும், போகட்டும்.

லீவை வைகாசியில் எடுக்க முடிந்தால் எடுங்கள். ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசி இரவு குளிர்த்தி. மதுரையை எரித்து வந்தவளின் கோபம் தணியத் தண்ணீர் தெளித்துப் பாடுகிற பாட்டை, வேப்பிலை மணத்துக்கு நடுவில், நித்திரை தூங்கி வழிகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். இதற்கு ரிக்கற் இல்லை. பள்ளிக்கூட லீவுக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா கிடைக்கும். கூட்டம் நெரியும், வயதானவர்களை விடியமுன்னே கூட்டிப் போங்கள்.

கூத்து அரங்கேற்றம் எங்காவது நடக்கிறதென்று காதில் விழுந்தால், மற்றத் திட்டத்தை எல்லாம் தள்ளி வையுங்கள். இரவு தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். வட்டக்களரி என்கிற வட்ட மேடைக்கு நடுவில், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். வடமோடி என்கிற கூத்து வகை என்றால் அரசனுக்குக் கரப்புடுப்பு, கூடை போல விரிந்து நிற்கிற பாரமான உடுப்பு. அந்தப் பாரத்தோடு சுழன்று ஆடிவிட்டுப் பின்னால் வந்து நிற்கிற இளைஞனின் கழுத்தில் வேர்வை ஓடும், யாரோ ஒரு அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவன் வாயருகே பிடிப்பா. பகலில் அவன் மேசன் வேலைக்குப் போகிறவன், மாதக்கணக்காய் இரவில் பழகியிருக்கிறான். உடுப்புக்கும் கொட்டகைக்கும் ஊரார் காசு சேர்ப்பார்கள். ஹோட்டலில் மிச்சம் பிடித்ததை அங்கே கொடுங்கள்.

வாங்குகிற பொருளில் இரண்டைச் சொல்கிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சேலையும் விலை கேட்டால் கூடவாகத் தோன்றும். தறிக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நின்று பாருங்கள், பிறகு பேரம் பேச வாய் வராது. மற்றது எருமைத் தயிர். முட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள், தண்ணீர் விடாமல், ஏடு அசையாமல் நின்றால் நல்ல தயிர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர் வருடக்கணக்காய்ப் போராடுகிறார்கள். அந்த முட்டிக்குப் பத்து இருபது ரூபா குறைக்கச் சொல்லாதீர்கள்.

இங்கிருந்து பெட்டி நிறையச் சொக்லேற் கொண்டுபோவது பாரத்துக்குப் பெறுமதியில்லை. அதை வெயில் உருக்கிவிடும், இல்லாவிட்டால் பிறிச்சில் மாதக்கணக்காய்க் கிடக்கும். அந்தப் பாரத்துக்கு மாமிக்கு நல்ல வாசிப்புக் கண்ணாடி, மாமாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற மெசின் கொண்டுபோங்கள். அளவையும் தேவையையும் போகுமுன் போனில் கேளுங்கள்.

கடைசி நாளுக்கு ஒரு இடமும் வைக்காதீர்கள். இரவு ரயிலென்றால் பகல் முழுவதும் கையில் இருக்கும். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயக் கல்லடிக்குப் போய், பழைய பாலத்தில் வீட்டாரோடு நடந்து போங்கள். நிலவுக் காலமாயிருந்து வாவியும் அலையில்லாமல் கிடந்தால், வாவியில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைக்கச் சொல்லுவார். மீன் பாடினாலும் பாடாவிட்டாலும், பக்கத்தில் இருக்கிற பெரியம்மாவிடமும் துடுப்பைக் கொடுங்கள்.