சர்வீஸ் முடிந்து வந்த கார் சரியாக ஓடவில்லையா?

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கார் வாங்கி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. அதை முதல் முறையாக கராஜில், அதாவது கார் பழுது பார்க்கும் கடையில், விட்டு எடுத்த மறுநாளே புதுச் சத்தம் ஒன்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். நாம்தான் ஏதோ தப்பாக ஓட்டுகிறோமோ, போய்க் கேட்டால் முகத்தைக் காட்டுவார்களோ என்று தயங்கித் தயங்கியே பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். வேலை சரியில்லை என்றால் திரும்பப் போய்க் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் நான் தவறினேன்.

ஆயில் மாற்றி எடுத்து வந்த மூன்றாம் நாள் காலை, கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறை. பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த வேறொரு கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி, இடைவெளி வழியே ஆயில் கசிந்திருக்கிறது. அவர் பழைய வளையத்தை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சரிசெய்து கொடுத்தார். பிறகு முதல் கராஜில் போய்ச் சொன்னபோது, "எங்கே, காட்டுங்கள்" என்றார்கள். காட்ட என்னிடம் படமும் இல்லை, வளையமும் இல்லை. இரண்டாவது கராஜின் பில்லில்கூட "ஆயில் ஃபில்டர் மாற்றம்" என்று மட்டும்தான் இருந்தது.

அதனால் கோளாறு தெரிந்ததும் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இந்தக் காரை இன்னும் ஓட்டலாமா? பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ தரை வரை இறங்கினாலோ ஓட்டக் கூடாது. பிரேக்கைப் பழுது பார்த்தபோது குழாயில் காற்று புகுந்திருந்தால் இப்படித்தான் ஆகும். புது பிரேக் பேட் போட்ட முதல் நாள் லேசான வாசனையோ கீச்சென்ற சத்தமோ வருவதுண்டு. இரும்போடு இரும்பு உரசுகிற கரகரப்பு வந்தால் அது வேறு விஷயம், நிறுத்துங்கள். ஆயில் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த திருப்பம் வரைகூடப் போக வேண்டாம், பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே எஞ்சின் பாழாகிவிடும். வெப்பநிலை முள் மேலே ஏறினாலும், சக்கரத்தின் பக்கம் தடதடவென்று அதிர்ந்தாலும் நிறுத்தி, காரை ஏற்றிப்போக ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸிலேயே அந்த உதவி சேர்ந்திருக்கலாம், பார்த்துவிடுங்கள். டயரைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது அவசியம். பல கராஜ்களில் கேட்டால் காசு வாங்காமலே செய்து தருவார்கள்.

ஓட்டலாம் என்று தெரிந்தால் ஆதாரம் சேருங்கள். இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் விழுந்திருப்பது பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில்; சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில்; பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமாக இருக்கலாம். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, பயப்பட வேண்டாம். சத்தம் என்றால் ஃபோனில் பதிவு செய்யுங்கள். மெக்கானிக் முன்னால் அது வராமல் போவது வழக்கம். எவ்வளவு வேகத்தில் வருகிறது, திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சு தடுமாறுகிறவர்களுக்கு அந்தத் தாளே பாதி வேலையைச் செய்துவிடும்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கார் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீட்டைக் கருவி வைத்துப் படிக்கச் சொல்லி, அதை அழிப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 1996 முதல் வந்த கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் வந்த பெட்ரோல் கார்களிலும் அந்தக் குறியீட்டைப் படிப்பதற்கான பொதுவான இணைப்பு டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். ஏர் ஃபில்டர் மாற்றியபோது காற்றுக் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டாலே இந்த விளக்கு எரியும்.

பிறகு அதே கராஜுக்குப் போங்கள். வேறு யாரும் கை வைப்பதற்கு முன்னால் அவர்கள்தான் பார்க்க வேண்டும். பில், தேதி, ஓடோமீட்டர் அளவு மூன்றும் கையில் இருக்கட்டும். "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "இந்தத் தேதியில் இந்த வேலை செய்தீர்கள், அதன் பிறகு இப்படி ஆகிறது, கூட வந்து ஓட்டிப் பாருங்கள்" என்றால் போதும். பேசி முடித்த அன்றே அதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சில நேரம் உண்மையாகவே தற்செயலாக வேறொன்று பழுதாகியிருக்கும். காட்டி விளக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள். விளக்காமல் தட்டிக்கழித்தால்தான் இரண்டாவது கராஜ். அங்கே பிரிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், கண்டதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தை வாங்கி வையுங்கள்.

சட்டமும் நம் பக்கம்தான். கனடாவின் ஒன்டாரியோவில் பழுது வேலைக்கும் போட்ட பாகங்களுக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கவும் முடியாது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை அக்கறையோடும் திறமையோடும் செய்யப்படவில்லை என்றால் திரும்பச் செய்து தரச் சொல்லலாம். அது முடியாவிட்டால் பணத்தில் குறைக்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவிலும் இதைப் போன்ற உத்தரவாதம் உண்டு. கலிபோர்னியாவில் கராஜ்களைக் கண்காணிக்கவே தனி அரசுத் துறை இருக்கிறது, அங்கே புகார் தரலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை காரை விடும்போதே, "கழற்றுகிற பழைய பாகங்களை எனக்குத் திருப்பித் தாருங்கள்" என்று எஸ்டிமேட் தாளில் எழுதச் சொல்லுங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வாங்கி, புதுப் பில்லோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வைக்கிறேன்.