சன்ஸ்க்ரீன்ல நாம பண்ற தப்பு, கடைக்காரர் பண்ற தப்பு

மெடிக்கல் ஷாப்ல போய் சன்ஸ்க்ரீன் கேட்டுப் பாருங்க, "கலர் வர்றதுக்காம்மா?"ன்னு ஒரு கேள்வி வரும். எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது. வெயில்ல இருந்து தோல காப்பாத்துற சன்ஸ்க்ரீன வெள்ளையாக்குற கிரீம்னு நெனச்சுக்கிட்டதாலதான் பட்டாணி அளவு எடுத்து மூஞ்சில மட்டும் தேய்ச்சிட்டு கெளம்பிடுறோம், காதும் பின்கழுத்தும் பைக் ஹேண்டில் புடிக்கிற கையும் அப்படியே வெயில்ல காயுது.

லேப்ல எஸ்பிஎஃப், அதாவது வெயில்ல தோல் பொசுங்காம எவ்ளோ காக்கும்னு டியூப்ல போட்டிருக்குற நம்பர், அத டெஸ்ட் பண்றப்போ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்குறாங்க, நாம பூசுறது அதுல கால்வாசி, மிஞ்சிப்போனா பாதி, அப்புறம் டியூப்ல 50ன்னு போட்டிருந்து என்ன பிரயோஜனம்? ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்கு பிதுக்குனா முகம் கழுத்துக்கு சரியா இருக்கும். வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்ப போடணும், வேர்த்து ஊத்துனா அதுக்கும் முன்னாடியே. நம்பர் பெருசா வாங்கணும்னு காச கொட்டாதீங்க, 30 போட்டா தோல பொசுக்குற யூவிபி கதிர்ல சுமார் 97% தடுத்துடும், 50க்கு 98%, அவ்ளோதான் வித்தியாசம். அந்த நம்பர் யூவிஏங்கற இன்னொரு வெயில் கதிர் பத்தி பெருசா ஒண்ணும் சொல்லாது, அதுவோ கண்ணாடிய தாண்டியும் வரும், அதனால யூவிஏவையும் தடுக்கும்னு காட்டுற பிஏ+++ இல்லன்னா பிராட் ஸ்பெக்ட்ரம்ங்கற குறி டியூப்ல இருக்கான்னு பாருங்க. வாங்குனத வண்டி டிக்கில போட்டு வேக வைக்காதீங்க.

"நம்ம தோலுக்கு கேன்சர்லாம் வராதுப்பா"ங்கறது பாதி நெசம். தோலுக்கு கருப்பு நிறம் குடுக்குற மெலனின் காப்பாத்துது, அதனால வெள்ளைக்காரங்கள விட நமக்கு தோல் கேன்சர் ரொம்ப கம்மி. ஆஸ்திரேலியால நம்பூர்ங்கற ஊர்ல 1992ல இருந்து 1996 வரைக்கும் தெனமும் சன்ஸ்க்ரீன் போட வச்சுப் பாத்ததுல ஒரு வகை தோல் கேன்சர் சுமார் 40% கொறஞ்சுது, ஆனா அந்தக் கணக்க அப்படியே நமக்கு போட முடியாது. கருப்புத் தோல்ல மெலனோமாங்கற ஆபத்தான தோல் கேன்சர் வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, 1981ல எறந்த ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு கால் கட்டைவிரல்லதான் வந்துச்சு. அது வெயிலால வர்றது இல்ல, சன்ஸ்க்ரீனும் தடுக்காது. நகத்துல அகலமாகிட்டே போற கருப்புக் கோடு, ஆறாத புண்ணுன்னு இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

நெசமாவே சன்ஸ்க்ரீன் கட்டாயம் தேவைப்படுறவங்க பொறப்புலயே நிறமி இல்லாத அல்பினிசம்காரங்க, அவங்களுக்கு சின்ன வயசுலயே தோல் கேன்சர் வரலாம், முழுக்கை சட்டை, தொப்பி, குடையும் சேத்துத்தான். ஆறு மாசத்துக்கு கீழ உள்ள கொழந்தைக்கு கிரீமே வேணாம், நெழல்ல வச்சா போதும்.

இன்னொரு தப்பு கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம். பருவுக்கு டாக்ஸிசைக்ளின், பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயஸைடு, இதெல்லாம் சாப்பிட்டா வெயில் சுள்ளுன்னு ஏறும், ஆனா "காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு"ன்னு கவர்ல எழுதிக் குடுக்குறவரு "வெயில்ல பாத்து போங்க"ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அதவிட மோசம், செவப்பாகணும்னு கேட்டா ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூணும் கலந்த கிரீம எடுத்து நீட்டுறது. தோல மெலிசாக்கி, வெயில தாங்கவிடாம பண்ற மருந்து அது, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, நம்ம ஊர்ல பேர சொன்னா போதும் கெடச்சிடுது.