விபூதி பூசிய விண்வெளி வீரர்கள்

வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில், கார்த்திகை மழை சற்றே விட்டிருந்த ஒரு காலையில், 15 மி.மீ. அளவுள்ள விண்வெளிக் காலாட்படை பொம்மைகள் இருபதுக்கு, வண்ணத்தைக் காக்கும் பளபளப்பில்லாத பூச்சான மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். அரைமணி நேரத்தில் கருநீலக் கவசங்கள் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டன. டப்பாவைச் சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடி அடித்ததில் வெண்மை கூடியதுதான் மிச்சம். இரண்டு பொம்மைகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டியதும் வீண்வேலை.

நான்காம் நாள்தான் கவனித்தேன்: ஈரத் தூரிகை பட்ட இடத்தில் வெண்மை மறைந்து, காய்ந்ததும் திரும்பியது. அப்படியானால் வண்ணம் கெடவில்லை, காற்றின் ஈரத்தால் வார்னிஷ் படலம்தான் மங்கியிருக்கிறது. நீரில் கரையும் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசியதும், இடைவாரின் இடுக்குகள் உட்பட, நிறம் மீண்டது. ஒரு நாள் காயவிட்டு, ஏசி அறையில் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசி முடித்தேன்.