முடி பிடுங்கும் விரல்களுக்குக் கோரைப்புல்

ஒன்பது வயதில் என் மகளின் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடியே இல்லை; அவளே பிடுங்கியிருந்தாள். கையில் அடித்தேன், அந்தப் பாவம் இன்னும் என்னை உறுத்துகிறது. அது திமிரல்ல. பல நேரம் பிள்ளை அறியாமலேயே விரல் தலைக்குப் போய்விடுகிறது.

எந்த நேரத்தில் பிடுங்குகிறாள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது கணக்குப் பாடமும் தூக்கம் சொக்கும் வேளையும். கை மேலே போனதும் ஒரு நிமிடம் முஷ்டியை இறுக்கப் பழக்குங்கள். கோரைப்பாய் நெய்யும் எங்கள் பத்தமடையில் கோரைக்கா பஞ்சம்? நனைத்த கோரையைக் கொடுத்தேன். பின்னிக்கொண்டே வாய்ப்பாடு சொன்னாள். பிடுங்காத மாலைகளில் மனமாரப் பாராட்டுங்கள்.

முடியை விழுங்குகிறாளா என்றும் கவனியுங்கள். அது வயிற்றில் உருண்டையாகத் திரளலாம். வயிற்றுவலி, வாந்தி வந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பழக்கம் தொடர்ந்தால், பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர் பேசும் என்று தயங்காதீர்கள், அம்மாமாரே.